இரும்பும் ஈரலும் மூளைப் படமும்

நூலைத் திறனாய்பவர் மூன்று வினாக்களை எழுப்புதல் மரபு. நூல் கூறுவது யாது? அதற்குச் சான்று உண்டா? அதனால் பயன் பெறுவோர் யாவர்? இலக்கியத்துக்கு வகுத்த இம்மூன்றும் அறிவியல் ஆய்வுக்கும் பொருந்துவனவே. ஈரல் நோயுற்றோரின் மூளையில் இரும்பு படிகின்றதா, படிந்தால் அது நினைவையும் நடையையும் கெடுக்கின்றதா என்பதைக் காந்தப் படத்தின் வழியே அறிய முயலும் ஆய்வுகள் கடந்த பதினைந்து ஆண்டுகளில் பெருகியுள்ளன. அவற்றின் முடிவுகள் செய்தித்தாளில் இரண்டு வரிகளாகச் சுருங்கி வருகின்றன. சுருங்கும்போது ஆய்வாளரின் ஐயங்கள் உதிர்ந்து, முடிவு மட்டும் எஞ்சுகிறது.

பேராக் மாநிலத் தமிழர் இதனை எங்கோ நடக்கும் ஆய்வு என்று தள்ளிவிட இயலாது. 1877இல் இரப்பர்க் கன்றுகள் நடப்பெற்ற கோலகங்சார், அதனை அடுத்த சுங்கை சிப்புட், கிந்தாப் பள்ளத்தாக்கு, கீழ்ப் பேராக் ஆகிய இடங்களில் இருந்த தோட்டங்கள் பலவும் காலப்போக்கில் துண்டாடப்பட்டன, செம்பனைக்கு மாறின, வீட்டு மனைகளாயின. லயங்களில் வாழ்ந்தோரின் மக்களும் பேரர்களும் இன்று ஈப்போவிலும், புந்தோங்கிலும், சுற்றியுள்ள சிறு நகரங்களிலும் வாழ்கின்றனர். வயிறு வீங்கி, கண் மஞ்சளித்து, பேச்சும் தடுமாறிய முதியவர் ஒருவரை ஈப்போ ராஜா பெர்மைசூரி பைனுன் மருத்துவமனைக்கு அழைத்து வரும் குடும்பத்துக்கு, ‘ஈரல்’, ‘இரும்பு’, ‘மூளைப் படம்’ என்னும் மூன்று சொற்களும் ஒருங்கே எதிர்ப்படலாம். அவற்றைச் சரியாகப் புரிந்துகொள்வதிலேயே ஓர் உயிரின் நலம் அடங்கியிருக்கக்கூடும்.

ஆய்வு கூறுவது

வளர்ந்த ஒருவரின் உடலில் ஏறத்தாழ 3 முதல் 4 கிராம் இரும்பு உண்டு. அதில் பெரும்பகுதி குருதியின் சிவப்பணுக்களில் உள்ளது. எஞ்சியதில் ஒரு நல்ல பங்கை ஈரல் சேமித்து வைக்கிறது. நாள்தோறும் உணவிலிருந்து உடல் ஏற்றுக்கொள்வது 1 அல்லது 2 மில்லிகிராமே. இரும்பைப் பொறுத்தவரை உடலுக்கு வரவு வழி உண்டு; மிகையானதை வெளியேற்ற ஒழுங்கான செலவு வழி இல்லை. ஆகவே வரவைக் கட்டுப்படுத்துதலே உடல் அறிந்த ஒரே கணக்கு. அக்கணக்கை எழுதும் கணக்கர் ஈரலே. 2000ஆம் ஆண்டையொட்டிக் கண்டறியப்பட்ட ஹெப்சிடின் என்னும் சுரப்பை ஈரல் உண்டாக்குகிறது. அது குடலில் இரும்பு ஏறும் வாயிலை அடைக்கிறது. மது அச்சுரப்பைக் குறைத்துவிடுகிறது. வாயில் அகலத் திறக்க, குடிப்பவரின் ஈரலில் இரும்பு மெல்ல மெல்லச் சேர்கிறது. சேர்ந்த இரும்பு ஈரலின் உயிரணுக்களைத் தானும் அரிக்கிறது.

இதுவரை கருத்து வேறுபாடு பெரிதாக இல்லை. அடுத்த படியில்தான் வழக்கு எழுகிறது. ஈரலில் மிகுந்த இரும்பு மூளைக்கும் செல்கிறதா? குருதிக்கும் மூளைக்கும் இடையே இயற்கை ஒரு காப்பு மதிலை எழுப்பியுள்ளது. குருதியில் ஓடும் பொருள் அனைத்தையும் அது உள்ளே விடுவதில்லை. பரம்பரையாக இரும்பு மிகும் நோயுற்றோரின் ஈரல், இதயம், கணையம் ஆகியவை கேடுறுவதும், மூளை பெரும்பாலும் தப்பிவிடுவதும் நெடுங்காலமாக மருத்துவ நூல்கள் கூறிவந்த செய்தி. 2022இல் வெளிவந்த இராபர்ட் லாக்னன் குழுவினரின் ஆய்வு அக்கருத்தை அசைத்தது. அந்நோய்க்குரிய மரபுக் குறியைப் பெற்றோர் இருவரிடமிருந்தும் பெற்ற பிரிட்டானியரின் மூளைப் படங்களில், உடல் அசைவை ஆளும் பகுதிகளில் இரும்பின் அடையாளம் மிகுந்து காணப்பட்டது. ஆகவே மதில் முற்றிலும் அடைபட்டது என்றும் கூற இயலாது. திறந்து கிடக்கிறது என்றும் கூற இயலாது. வழக்கு இன்னும் தீரவில்லை.

சான்று பிறந்த வரலாறு

திசுவில் இரும்பைக் கண்ணாற் காணும் வழியை 1867இல் மாக்ஸ் பெர்ல்ஸ் என்னும் செருமானியர் வகுத்தார். குறிப்பிட்ட உப்பு நீரிலும் அமிலத்திலும் திசுவை இட்டால் இரும்பு உள்ள இடம் நீலமாக மாறும். 1922இல் ஹூகோ ஸ்பாட்ஸ் அம்முறையை மூளையில் கையாண்டு, எல்லாப் பகுதிகளும் ஒரே அளவில் நீலமாவதில்லை என்று கண்டார். 1958இல் சுவீடன் நாட்டு ஹால்கிரனும் சூரந்தரும் அளவையே எண்ணால் தந்தனர். மூளையின் ஆழத்தில் உள்ள ‘குளோபஸ் பாலிடஸ்’ என்னும் பகுதியில், 100 கிராம் திசுவுக்கு ஏறத்தாழ 21 மில்லிகிராம் இரும்பு இருந்தது. இலத்தீனில் அப்பெயருக்கு ‘வெளிறிய உருண்டை’ என்பது பொருள். அவ்வுருண்டையில் பிறப்பின்போது இரும்பு மிகக் குறைவு. இளமையில் விரைந்து ஏறி, பின்னர் ஏறக்குறைய ஒரே நிலையில் நிற்கிறது. வேறு சில பகுதிகளில் முதுமைவரை ஏறிக்கொண்டே போகிறது.

இந்த 1958ஆம் ஆண்டு எண்கள் இன்றைய ஆய்வுகளுக்கும் உரைகல்லாக உள்ளன. அவை கற்பிக்கும் செய்தி இரண்டு. மூளையில் இரும்பு இருப்பது இயல்பு. இருப்பதாலேயே அதனை நோய் என்று சொல்லிவிட முடியாது. அளவு வயதோடு மாறுவது. ஆகவே வயதை ஒப்பிடாமல் இருவர் மூளையை ஒப்பிட்டால் முடிவு பிழையாகும்.

ஆயினும் அவ்வறிவு முழுவதும் இறந்தோர் மூளையிலிருந்து பெற்றது. உயிரோடிருப்பவரின் மூளையைத் திறவாமலே காண வழி செய்தது, மக்கள் எம்.ஆர்.ஐ. என்று வழங்கும் காந்த ஒத்ததிர்வுப் படம். பெரிய காந்தத்தின் நடுவே நோயாளியைக் கிடத்தி, உடலின் நீரில் உள்ள நீரியக் கருக்களை வானொலி அலையால் அசைத்து, அவை திரும்பி நிலைபெறும் வேகத்தை இக்கருவி அளக்கிறது. இரும்பு உள்ள இடத்தில் காந்தப் புலம் சற்றே கோணும். அவ்விடத்து ஒலிக்குறி விரைவில் அணையும். படத்தில் அவ்விடம் கருக்கும். அக்கோணலை எண்ணாகக் கணிக்கும் முறையும் இந்நூற்றாண்டில் வளர்ந்தது. காந்த ஏற்பளவு வரைபடம் என்று அதனைக் கூறலாம்.

திறனாய்வாளர் இங்கே ஒரு கோடு இழுத்தல் வேண்டும். கருவி அளப்பது காந்தப் புலத்தின் கோணலையே. இரும்பு என்பது அக்கோணலுக்கு ஆய்வாளர் கூறும் பொருள். ஒரு செய்யுளுக்கு உரையாசிரியர் கூறும் பொருள் செய்யுளாகிவிடாதது போல, படத்துக்குக் கூறும் பொருளும் படமாகிவிடாது. சுண்ணாம்புப் படிவும் சில வகைப் படங்களில் இரும்பைப் போலவே கருமையாகத் தோன்றும். நரம்புகளைப் போர்த்திய கொழுப்புறையும் காந்தப் புலத்தை மாற்றும். அவ்வுறை தேய்ந்தாலும் இரும்பு கூடியது போன்ற எண் வரலாம். ஏற்பளவு வரைபடம் சுண்ணாம்பையும் இரும்பையும் எதிரெதிர்க் குறிகளால் பிரித்துக் காட்டுவது பெரும் முன்னேற்றமே. எனினும் ஐயம் முற்றும் நீங்கியதாகாது.

மாங்கனீசு புகட்டிய பாடம்

இத்துறையிலேயே முன்பு நிகழ்ந்த ஒரு வரலாறு இங்கு நினைக்கத்தக்கது. ஈரல் சுருங்கிய நோயாளரின் மூளைப் படங்களில் வெளிறிய உருண்டை வெண்மையாக ஒளிர்வதை 1990ஐ ஒட்டிய ஆண்டுகளில் மருத்துவர் கண்டனர். அதன் பொருள் உடனே விளங்கவில்லை. 1995இல் மாண்ட்ரியல் நகரில் பொமியே-லெய்ராக் குழுவினர், ஈரல் நோயால் இறந்தோரின் மூளையை ஆராய்ந்து, அவ்வுருண்டையில் மாங்கனீசு பன்மடங்கு மிகுந்திருக்கக் கண்டனர். உணவில் வரும் மாங்கனீசைப் பித்தநீர் வழியே வெளியேற்றுவது ஈரலின் தொழில். ஈரல் தளர்ந்து, குடலிலிருந்து வரும் குருதி ஈரலைச் சுற்றிக்கொண்டு நேரே உடலுக்குள் பாயும்போது, மாங்கனீசு மூளையைச் சென்றடைகிறது. ஈரல் மாற்று அறுவை பெற்றவரிடம் அவ்வொளி சில மாதங்களில் மங்கத் தொடங்குவதும் கண்டறியப்பட்டது.

ஆகவே ஈரல் நோயாளரின் மூளையில் ஒரு மாழை படிகிறது என்று ஐயமின்றி மெய்ப்பிக்கப்பட்டது மாங்கனீசைப் பற்றியே. இரும்பைப் பற்றிய சான்று இன்னும் அத்துணை வலுப்பெறவில்லை. மாங்கனீசும் காந்தத்தால் ஈர்க்கப்படும் இயல்புடையது. ஒரே உருண்டையில் இரண்டும் இருக்கும்போது எது எவ்வளவு என்று பிரிப்பது எளிதன்று. சீன நாட்டில் மஞ்சட்காமாலைக் கிருமி வகையால் ஈரல் சுருங்கியோரிடம் நடத்திய படஆய்வுகள் சில, ஆழ்மூளைப் பகுதிகளில் இரும்பின் குறி மிகுந்துள்ளதாகக் கூறுகின்றன. மாங்கனீசை எவ்வாறு பிரித்தனர், இறந்தோர் திசுவோடு ஒப்பிட்டனரா என்னும் வினாக்களை எழுப்பிய பின்னரே வாசகர் அவற்றை ஏற்றல் முறை. காமாலைக் கண்ணுக்குக் கண்டதெல்லாம் மஞ்சள் என்பது பழமொழி. இரும்பைத் தேடிப் புறப்பட்ட கண்ணுக்குப் படத்தில் உள்ள கருமையெல்லாம் இரும்பாகத் தோன்றும் இடர் உண்டு.

ஈரலும் மூளையும் மாழையால் ஒருங்கே கெடும் நோய் வேறொன்றும் உண்டு. 1912இல் கின்னியர் வில்சன் விளக்கிய அப்பரம்பரை நோயில் படிவது செம்பு. இளம் வயதினர் ஒருவரின் கையெழுத்துக் குலைந்து, பேச்சுக் குழறி, ஈரலும் கெட்டால் அந்நோயை ஆராய்வது மருத்துவர் கடமை. காலத்தில் கண்டால் அதற்கு மருந்து உண்டு. 1965இல் விக்டர், ஆடம்ஸ், கோல் ஆகிய மூவரும், வில்சன் நோய் இல்லாமலே நெடுநாள் ஈரல் நோயால் மூளை தளரும் நிலையைத் தனியே பிரித்து எழுதினர். மாழையின் பெயரைப் பிழையாகச் சொன்னால் நோயின் பெயரும் மருந்தும் பிழையாகும் என்பதற்கு இவ்வரலாறே போதிய சான்று.

இருபதாயிரவர் படம்

மது, ஈரல் இரும்பு, மூளை இரும்பு ஆகிய மூன்றையும் ஒருங்கே நோக்கிய மிகப் பெரிய ஆய்வு 2022இல் ‘பிளாஸ் மெடிசின்’ இதழில் வந்தது. ஆக்ஸ்போர்டின் ஆனியா டோபிவாலா தலைமையில் 20,965 பேரின் மூளைப் படங்கள் ஆராயப்பட்டன. அவர்களுள் ஏறத்தாழ 7,000 பேருக்கு ஈரல் படமும் இருந்தது. வாரத்திற்கு 7 அலகுக்கு மேல் மது அருந்துவோரின் ஆழ்மூளைப் பகுதிகளில் இரும்பின் குறி மிகுந்திருந்தது. குறி மிகுந்தோர் அறிவுத் தேர்வுகளில் சற்றுப் பின்தங்கினர். உடலில் சேர்ந்த இரும்பு, மதுவுக்கும் மூளை இரும்புக்கும் உள்ள தொடர்பின் ஒரு பகுதியையே விளக்கியது.

‘7 அலகு’ என்பதைப் பேராக் வாசகர்க்கு விளக்காமல் விடுதல் கூடாது. பிரிட்டனின் ஓர் அலகு 10 மில்லிலிட்டர் தூய சாராயம். 7 அலகு 70 மில்லிலிட்டர். நூற்றுக்கு 5 பங்கு சாராயம் உள்ள கள்ளானால், 1.4 லிட்டரில் அவ்வளவு உண்டு. நூற்றுக்கு 40 பங்கு உள்ள வெறியமானால், 150 மில்லிலிட்டர்ச் சிறுபுட்டி ஒன்றிலேயே 6 அலகு அடங்கும். ஒரு வாரத்துக்கு உரியதாக அங்கு எண்ணப்படும் அளவை, சம்சுப் புட்டி ஒன்று ஓர் இரவிலேயே தந்துவிடக் கூடும்.

ஆய்வின் சிறப்பு அதன் அளவு. மரபுக் குறிகளைக் கொண்டும் தம் முடிவை ஆய்வாளர் சோதித்தது பாராட்டுக்குரியது. படம் இரும்பை நேராக அளப்பதன்று என்பதையும், குடியின் அளவு அவரவர் வாய்மொழியே என்பதையும் அவர்களே ஒப்புக்கொண்டனர். எனினும் வாசகர் மறக்கலாகாத எல்லைகள் மூன்று உள. அங்கு படம் எடுக்கப்பட்டோர் ஈரல் நோயாளர் அல்லர். பொதுமக்களுள் தாமாக முன்வந்தோர். ஆகவே அம்முடிவை ஈரல் சுருங்கியோர்க்கு அப்படியே ஏற்றிச் சொல்லுதல் பொருந்தாது. அவர்களுள் மிகப் பெரும்பாலோர் வெள்ளையர். தம் நாட்டுச் சராசரியினும் நலமும் வசதியும் மிக்கோர். காலையில் வெறுவயிற்றோடு பால் வெட்டச் சென்றவரின் உடல் அவ்வெண்களில் இல்லை. மூன்றாவதாக, ஒரே காலத்தில் எடுத்த படம் எது முன், எது பின் என்று காட்டாது. குடியால் இரும்பு சேர்ந்து அறிவு குன்றியதா, வேறொரு காரணம் இரண்டையும் விளைத்ததா என்பதை ஆண்டுகள் இடையிட்டு எடுத்த படங்களே கூற வல்லன.

தோட்டத்து இரும்புக் கணக்கு

பேராக் தோட்டங்களின் வரலாற்றில் இரும்பு என்றால் முதலில் எழுவது அதன் குறைவே. கொக்கிப்புழு குடலில் தங்கிக் குருதியை உறிஞ்ச, மலைக்காய்ச்சல் சிவப்பணுக்களைச் சிதைக்க, தோட்டத் தொழிலாளர் வெளிறிப்போயினர். 1915 முதல் 1917 வரை இராக்பெல்லர் நிறுவனத்தின் சார்பில் சாமுவேல் டார்லிங் முதலியோர் மலாயா, சாவகம், பிஜி ஆகிய இடங்களில் கொக்கிப்புழுவையும் மலைக்காய்ச்சலையும் ஆராய்ந்தனர். அவர்தம் அறிக்கை 1920இல் வெளிவந்தது. தோட்ட ஆஸ்பத்திரியில் டிரசர் தந்த இரும்பு மாத்திரை, பிள்ளைபெறும் பெண்களின் உயிரைக் காத்த மருந்து. ‘இரும்பு என்றால் வலிமை’ என்ற எண்ணம் அந்த அனுபவத்திலிருந்து வந்தது. அவ்வெண்ணம் தவறன்று, பெண்கள் பலர்க்கு அது இன்றும் உண்மையே.

அதே தோட்டத்தில் கள்ளுக்கடையும் இருந்தது. உழைப்பின் களைப்புக்கு அதனை மருந்தாக்கியோரும் உண்டு; அதனை மூட வேண்டும் என்று போராடியோரும் உண்டு. 1941இல் கிள்ளான் வட்டாரத் தோட்டத் தொழிலாளர் வேலைநிறுத்தம் செய்தபோது கள்ளுக்கடைகளை மூடுதலும் அவர்தம் கோரிக்கைகளுள் ஒன்று. கள்ளின் இடத்தைப் பிற்காலத்தில் மலிவான சம்சு பிடித்தது. தோட்டம் கைமாறி, வேலையும் வீடும் ஒருங்கே போன குடும்பங்களில் அது புகுந்த விதம் தனியே எழுதத்தக்கது. 2018 செப்டம்பரில் சிலாங்கூர் வட்டாரத்தில் மெத்தனால் கலந்த மது பல உயிர்களைக் கொண்டது. மெத்தனால் நஞ்சும் அதே ஆழ்மூளைப் பகுதிகளைத் தாக்குவது. தப்பிப் பிழைத்தவரின் மூளைப் படத்தைப் பின்னாளில் காண்பவர், அவ்வடுவை வேறொன்றாக எண்ணிவிடலாகாது.

ஈரல் நோய்க்கெல்லாம் குடியே காரணம் என்று முடிப்பதும் பெரும்பிழை. கிருமியால் வரும் ஈரல் அழற்சி உண்டு. தேசிய உடல்நல ஆய்வுகளில் மலேசிய இந்தியரிடையே நீரிழிவு பிற இனத்தவரினும் கூடுதலாகக் காணப்படுகிறது. நீரிழிவோடு கொழுப்பு ஈரலும் சேர்ந்து வருவது வழக்கம். ஒரு சொட்டு மதுவும் அருந்தாத பெண்மணிக்கும் ஈரல் சுருங்கலாம். தலசீமியா நோயர்க்கு ஏற்றும் குருதியில் புட்டி ஒன்றுக்கு 200 முதல் 250 மில்லிகிராம் இரும்பு உண்டு. அவர்தம் ஈரலில் இரும்பு மிகுதல் அதனால். அந்நோய் இந்நாட்டில் மலாயரிடமும் சீனரிடமும் மிகுதி, தமிழரிடம் குறைவு. ஐரோப்பியரிடம் மிகும் பரம்பரை இரும்பு நோயின் மரபுக் குறியோ தமிழரிடம் மிக அரிது. ஆகவே ஐரோப்பிய, சீன நோயாளரைக் கொண்டு எழுதிய முடிவுகளைப் பேராக் தமிழர் மீது போர்த்துமுன் அளந்து பார்க்க வேண்டும். ‘ஃபெரிட்டின்’ என்னும் குருதிச் சோதனையில் எண் மிகுந்திருந்தாலும் இரும்பு மிகுதி என்று உடனே முடிக்க இயலாது. அழற்சியும் கொழுப்பு ஈரலும் அவ்வெண்ணை உயர்த்தும்.

சொல்லில் உள்ள இடர்

தமிழில் இச்செய்தியை எழுதுவோர் ‘இரும்புச்சத்து’ என்றே எழுதுகின்றனர். குறைவைப் பேசும்போது அச்சொல் பொருத்தமானது. ‘நோயாளியின் ஈரலில் இரும்புச்சத்து மிகுந்துள்ளது’ என்று எழுதினால் வாசகர் மகிழ்வாரேயன்றி அஞ்சமாட்டார். சத்து மிகுவது நல்லதுதானே என்று எண்ணுவார். சத்து என்னும் சொல்லே நஞ்சை மறைத்துவிடுகிறது. மிகுதியைப் பேசுமிடத்து ‘இரும்பு மிகை’, ‘இரும்புப் படிவு’, ‘இரும்புத் தேக்கம்’ என்று எழுதுதல் தெளிவு. திருக்குறளின் ‘மருந்து’ அதிகாரத்தைக் கற்பிக்கும் ஆசிரியர்க்கு, அளவின் இருபுறமும் நோய் உண்டு என்பதை விளக்க இதனினும் நல்ல எடுத்துக்காட்டுக் கிடைப்பது அரிது.

இது சொல்லாராய்ச்சி மட்டும் ஆகாது. பாண்டுக்கும் காமாலைக்கும் அயச்செந்தூரம் கொடுக்கும் வழக்கம் சித்த மருத்துவத்தில் உண்டு. கடையில் இரும்பு டானிக் எளிதில் கிடைக்கிறது. சோர்ந்திருக்கும் ஈரல் நோயாளிக்குக் குடும்பத்தார் அன்பு மிகுதியால் அதனை வாங்கிக் கொடுப்பர். குருதிக் கசிவால் இரும்பு குறைந்த ஈரல் நோயாளிக்கு அது தேவைப்படலாம். இரும்பு மிகுந்தவர்க்கு அது தீங்கு. எவர்க்கு எது என்பதைச் சோதனையே கூறும்.

மற்றொரு சொல் ஈரல். மலாய் மொழியில் ‘ஹாத்தி’ என்பது ஈரல். உள்ளம் என்பதும் அதுவே. ‘சாக்கிட் ஹாத்தி’ என்றால் மனம் புண்பட்டது என்று பொருள். மருத்துவமனையில் மலாயில் கூறிய ‘ஹாத்தி’யைப் பள்ளிப் பேரன் தன் தாத்தாவுக்கு ‘இருதயம்’ என்று பெயர்த்துவிட்டால், நோயே இடம் மாறிவிடும். இருதயத்துக்கு மலாயில் ‘ஜாந்துங்’ என்னும் தனிச்சொல் உண்டு. தமிழிலும் அச்சம் மிகுந்தால் ஈரற்குலை நடுங்குகிறது என்கிறோரே. உணர்ச்சியின் இருப்பிடமாக ஈரலைக் கருதியதில் இரு மொழியும் உறவினர். அவ்வுறவே நோயைப் பெயர்க்கும்போது மயக்கம் தரும்.

பயன் பெறுவோர் யாவர்?

மூளைப் படம் ஆய்வுக்கூடத்தில் பயன்படும் கருவி. ஈரல் நோயாளரின் மூளை ஏன் தளர்கிறது, மாழைகளுக்கு அதில் என்ன பங்கு என்பதை நாளடைவில் அது விளக்கக் கூடும். ஆயினும் இன்று அந்நோயாளரின் அறிவு மயக்கத்துக்குத் தலையாய காரணமாக மருத்துவம் கருதுவது அம்மோனியாவை. குடலில் பிறக்கும் அதனை ஈரல் தூய்மை செய்யத் தவறும்போது, அது குருதியோடு மூளையை அடைகிறது. 1966இல் பிர்ச்சர் முதலியோர் அறிமுகம் செய்த லேக்டுலோஸ் பாகு, மலத்தை இளக்கி அம்மோனியாவைக் குறைத்து, மயங்கியவரை மீட்கிறது. விலையும் பெரிதன்று.

அம்மயக்கத்தின் முதற்குறிகளைக் காணக் காந்தம் வேண்டியதில்லை. இரவில் உறங்காது பகலில் உறங்குதல், வழக்கமான கணக்கில் தடுமாறுதல், நீட்டிய கை பறவைச் சிறகுபோல் அடித்துக்கொள்ளுதல், கையெழுத்துக் குலைதல் ஆகியன அவை. நேற்றுவரை ஒழுங்காக இட்ட கையொப்பம் இன்று கோணினால், அதனை முதலில் காணக்கூடியவர் வீட்டாரே. அவர்களோ, முன்பு குடித்தவராயின், ‘மறுபடியும் குடித்திருக்கிறார்’ என்று ஒதுக்கிவிடுவதும், குடியாதவராயின் ‘காற்றுக் கருப்பு’ என்று வேறிடம் கொண்டுபோவதும் நேரக்கூடியவை. அவ்வாறு கழியும் இரண்டு நாளில் உயிர் போகலாம்.

மருத்துவர் கையாளும் எளிய தேர்வு ஒன்று இங்குக் குறிக்கத்தக்கது. ஒரு நிமிடத்தில் எத்தனை விலங்குகளின் பெயரைச் சொல்ல இயலும் என்று நோயாளியைக் கேட்பர். எண்ணிக்கை மிகக் குறைந்தால் மயக்கத்தை ஐயுறுவர். 2017இல் இத்தாலிய மருத்துவர் இதனை ஈரல் நோயாளர்க்குப் பொருத்திக் காட்டினர். இதற்குக் கருவி வேண்டா, மொழி வேண்டும். தமிழ்ப்பள்ளியில் சில ஆண்டே பயின்று பால் மரத்தடியில் வாழ்நாளைக் கழித்த முதியவரை ஆங்கிலத்திலோ மலாயிலோ இத்தேர்வுக்கு உட்படுத்தினால், அவர் அறிவை அளப்பதாகாது. அவர் அறியாத மொழியை அளப்பதாகும். ஆடு, மாடு, யானை, கடமான், கீரி, உடும்பு என்று தம் மொழியில் தாமே அடுக்கும் வாய்ப்பு அவர்க்கு வேண்டும். வயதும் கல்வியும் அறிந்து வகுத்த தமிழ் அளவுகோலும் வேண்டும். இருபதாயிரம் மூளைப் படங்களுக்கு அறிவுத் தேர்வின் எண்கள் துணைநின்றது போலவே, பேராக் தமிழர் ஒருவரின் மூளைப் படத்துக்கும் அத்தகைய எண் துணைநிற்க வேண்டும். மொழி தவறிய தேர்வெண்ணோடு எத்துணைத் தெளிவான படத்தை ஒப்பிட்டாலும் முடிவு தெளிவாகாது.

ஆகவே இவ்வாய்வுகளைப் பற்றிய தீர்ப்பு இதுவாகும். முறை நேர்த்தியானது, கருவி வியப்புக்குரியது. மதுவும் இரும்பும் மூளையும் தொடர்புடையன என்னும் கூற்றுக்குச் சான்று வலுப்பெற்று வருகிறது. ஈரல் நோயாளரின் மூளையில் இரும்பு மிகுந்து, அதுவே அவர்தம் மயக்கத்துக்குக் காரணமாகிறது என்னும் கூற்றுக்குச் சான்று போதாது. மாங்கனீசைப் பிரித்துக் காட்டியும், ஆண்டுகள் தொடர்ந்து அதே நோயாளரைப் படமெடுத்தும், பல இனத்தாரையும் சேர்த்தும் ஆராய்ந்தால் அக்குறை தீரும். இடைக்காலத்தில் தமிழில் எழுதுவோர் செய்ய வேண்டியவை இரண்டு உள: இரும்பு மிகையைச் சத்து என்று எழுதாமை, ஈரல் நோயாளரின் தடுமாற்றம் மருந்தால் மீளக்கூடிய நோய்க்குறி என்பதைப் புந்தோங்கு வீட்டிலும் சுங்கை சிப்புட் வீட்டிலும் விளங்கும் சொல்லால் எழுதுதல். இரண்டையும் செய்யப் புதிய கருவி எதுவும் தேவையில்லை.